ராஜமேரியின் ஹை ஹீல்ஸ்

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றிய கையோடு, மாப்பிள்ளையின் அம்மா லூர்தம்மாள் ராஜமேரியை ஏற இறங்கப் பார்த்தார். ஏறவும் இறங்கவும் அங்கே அதிக தூரம் இல்லை.

"பொண்ணு தங்கமான பொண்ணுதானுங்க. ஆனா எம் மவன் தோளுக்குக்கூட வரல. கல்யாண போட்டோவ எங்க வூட்டு நடுச்செவுத்துல மாட்டணும். பாக்கறவங்க என்னா சொல்லுவாங்க" என்றார்.

ராஜமேரிக்குச் சுருக்கென்று தைத்தது. பள்ளிக்கூடத்திலேயே குள்ளக் கத்தரிக்காய் என்று பட்டம் வாங்கியவள் அவள். அந்தப் பட்டத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாமியார் வீட்டில் ஆயுசுக்கும் மாட்டிவைப்பதா? அண்ணனை நச்சரித்து, பெங்களூரிலிருந்து ஹை ஹீல்ஸ் செருப்பு வரவழைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். எழுபத்து நாலாம் வருஷம், பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அதுவரை அவள் கால் சாதாரணச் செருப்பைக்கூடக் கண்டதில்லை.

வாசலில் நடந்தால் குதி மண்ணில் புதைந்தது. மாட்டுக்கொட்டகையில் மட்டும்தான் கல் பாவிய தரை. அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள். பசு வைக்கோல் மெல்வதை விட்டுவிட்டு அவளையே பார்த்தது. சாயங்காலத்துக்குள் சுண்டுவிரல்கள் கொப்பளித்து, குதிகால் தோல் உரிந்துவிட்டது.

அண்ணி ராயம்மாள் அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கால் போனா போட்டோவுல எதுல புள்ள நிப்ப" என்றாள்.

அன்றிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. செருப்பு வாரில் விளக்கெண்ணெய் தடவி ஊறவைத்தாள். கடிக்கிற ஓரத்தில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தாள். பாரமெல்லாம் முன்பாதத்தில் விழுகிறதே என்று அந்த இடத்தில் பஞ்சு வைத்தாள். விரல்களுக்குப் பழைய வேட்டித் துணியில் சுற்று, பொழுதுசாய வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர்.

"ஒரேடியா நடக்காத. கொஞ்சங்கொஞ்சமா பழவு. சின்ன எட்டா வை."

கல்யாணத்தன்று பட்டுப்புடவையைக்கூட அந்த உயரத்துக்கு இறக்கித்தான் கட்டிவிட்டாள். பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் ராஜமேரி ஒரு தடுமாற்றமும் இல்லாமல் மாதா கோயில்வரை நடந்தாள். படியருகே நின்ற மாப்பிள்ளை ஞானராஜின் பக்கத்தில் போய் நின்று, ஓரக்கண்ணால் அளந்தாள். தோளைத் தாண்டிவிட்டாள். லூர்தம்மாளின் முகத்திலும் வெளிச்சம்.

அப்போதுதான் சாமியாருக்கு ஒத்தாசையாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வாசற்படியிலிருந்து சொன்னார்: "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்கம்மா."

ராஜமேரி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி ராஜமேரியைப் பார்த்தாள். கோயிலுக்குள் செருப்பு கூடாது என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதிதான். ஆனால் இருவரும் வெறுங்காலோடு வந்தே பழகியவர்கள். கழற்றுவதற்குக் காலில் ஏதாவது இருந்தால்தானே அந்த நினைப்பு வரும்?

வாரை அவிழ்த்து இறங்கினாள். புடவை தரையில் புரண்டது. அழுகை முட்டிக்கொண்டு வர, புடவையைக் கையில் தூக்கிப் பிடித்தாள்.

ஞானராஜும் படியில் உட்கார்ந்து தன் புது ஷூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஷூ அவனுக்கும் அன்றுதான் முதல். சாக்ஸை உருவினான். இரண்டு குதிகாலிலும் வேட்டித் துணிச் சுற்று. மறைக்கப் பார்த்தவன், புடவைக்குக் கீழே அவள் விரல்களிலும் அதே துணிச் சுற்றைப் பார்த்துவிட்டான்.

"ஒனக்குமா?"

"வெளக்கெண்ண தடவலீங்களா?"

"தேங்காயெண்ண."

"அதான் கடிச்சிருக்குதுங்க."

அவன் சிரித்துவிட்டான். வந்த அழுகை எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் போட்டோக்காரர் படியில் நிற்கச் சொன்னார். முழங்காலிட்டு முழங்காலிட்டுக் கால் வீங்கியிருந்தது. ராஜமேரி பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பில் காலைத் திணித்தாள்.

"வேண்டாம், வுடு" என்றான் ஞானராஜ் மெதுவாக. "நீ அங்கியே நில்லு." நொண்டியபடியே ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டான்.

"மேல ஏறுடா" என்றார் லூர்தம்மாள்.

"முடியலம்மா. ஷூ கடிச்சிருச்சு."

அந்த நிமிஷம்தான் ராஜமேரிக்கு அவனை மனசாரப் பிடித்துப்போனது. போட்டோவில் அது அப்படியே விழுந்திருக்கிறது.

நடுச்சுவரில் மாட்டிய அந்தப் படத்தை லூர்தம்மாள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "சோடிப் பொருத்தத்தப் பாருங்க. எம் மவன் ஒசரத்துக்கே இருக்குறா."

அந்த நேரம் ராஜமேரி காபி எடுத்துக்கொண்டு வருவாள். வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் படத்தைப் பார்ப்பார்கள்.