காணாமல்போன குழி

அரிசி ஆலை அடுப்பில் எரிந்து மிஞ்சிய உமிச்சாம்பலைச் சலித்து, தார்க்கலவையில் கல்தூளுக்குப் பதிலாகச் சேர்த்து ஒரு குழியை அடைத்த நாளிலிருந்து, அலுவலகத்தில் அந்த உதவிப் பொறியாளருக்குச் 'சாம்பல்' என்றே பெயர். மழைக்காலம் முழுசாக முடிந்துவிட்டது. இன்று தலைமைப் பொறியாளர் அம்மாவே வந்து அந்த இடத்தைத் துளைத்துப் பார்க்கப்போகிறார். தேறினால் ஊர்ச் சாலைகளுக்கெல்லாம் இந்தக் கலவை. தேறாவிட்டால் மிச்சச் சாம்பல் மூட்டைகளோடு அவருக்கும் கிடங்குக்கு மாற்றல்.

"எங்கப்பா குழி?" என்றபடி அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினார்.

சாம்பல் தெருவைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். முட்டி போட்டுத் தடவியும் பார்த்தார். தெரு எங்கும் ஒரே நிறம், ஒரே மட்டம்.

"இங்கதான் மேடம்... எங்கயோ..."

"குறிப்பேட்டைப் படி."

சாம்பல் பக்கத்தைப் புரட்டிப் படித்தார். "நிற்கும் நீல லாரியிலிருந்து பன்னிரண்டு அடி."

"லாரி எங்க?"

"போயிடுச்சு மேடம். அன்னைக்கு எல்லா டயரையும் கழட்டிப் போட்டிருந்தாங்க. இனிமே நகராதுன்னு நம்பி..."

"இல்லாத குழிய அடைச்சேன்னு அறிக்கை குடுத்தியா?"

எதிர்ப்பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் கையைத் துடைத்தபடி வந்தார். "பெரிய அதிகாரியாம்மா நீங்க? இந்த ஆள் மேல ஒரு புகார் குடுக்கணும்."

சாம்பல் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"ஒரு நாளைக்கு ஏழெட்டு வண்டி அந்தக் குழியில விழுந்து எங்கிட்ட வரும். இவரு அடைச்சிட்டாரு. மழை வந்தா பேர்ந்துடும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். மழையும் கொட்டுச்சு. பேரலையேம்மா!"

"எந்த இடம்?"

கடைக்காரர் கண்ணை மூடி நாலடி நடந்து குதிகாலால் மிதித்தார். "இதான். பதினோரு வருஷம் எனக்குச் சோறு போட்ட குழி."

அம்மாவோடு வந்த ஆட்கள் அங்கே துளைத்தார்கள். கருப்பு உருளை ஒன்று வெளியே வந்தது, பழைய சாலையோடு ஒட்டிப் பிறந்ததுபோல. அம்மா சுத்தியலால் ஓங்கித் தட்டினார். அது அசரவில்லை.

"எல்லா ரோட்டுக்கும் போடு. இனிமேலாவது நகராத எதையாவது பாத்து அளந்து எழுது." ஜீப் கிளம்பியது.

துளைத்த ஓட்டையை ஆசையோடு எட்டிப் பார்த்தார் கடைக்காரர். "இதையாவது விட்டுட்டுப் போங்க சார்."

"முடியாதுண்ணே." அடைத்துத் தட்டிய பிறகும் சாம்பலுக்கு மனசு கேட்கவில்லை. வரைபடத்தை டயர் குவியல்மேல் விரித்தார். "கிடங்குக்குப் பின்னாடி போற ரோடு எங்க இலாகா இல்ல. யாரும் தொட மாட்டாங்க. கடைய அங்க மாத்துங்க. இருபது குழி இருக்கு."

கடைக்காரர் யோசித்தார். "ஆழம்?"

"முழங்கால் வரைக்கும்."

"அப்ப சரி" என்று பம்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.