தோளில் உட்காரும் சொல்

‘மென்ஷ்’ என்ற சொல் எங்கள் தெருவில்தான் இருக்கிறது. நல்ல மனுஷன் என்று பொருள். யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியிடம் ஆங்கிலம் இரவல் வாங்கியது, ஆங்கிலத்திடம் எங்கள் தெரு வாங்கியது. பூனைக்குட்டி அளவு இருக்கும். யார் நல்லவரோ அவர் தோளில் உட்கார்ந்துகொள்ளும். இப்போது எதிர்வீட்டுச் செல்வநாயகம் அண்ணாச்சியின் தோளில் இருக்கிறது. மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து நான் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கொட்டாவி விடும்.

என் மகள் பொன்மலரைப் பெண் பார்க்க சாத்தூரிலிருந்து வருவதாக இருந்தது. வருகிறவர்கள் முதலில் டீக்கடையில் நின்று, பெண்ணின் அப்பா ஆள் எப்படி என்று விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்தத் தெருவில் விசாரிக்க வேண்டியதில்லை, தோளைப் பார்த்தால் போதும்.

அண்ணாச்சியிடம் போனேன்.

“ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் குடுங்க அண்ணாச்சி.”

“இதையெல்லாம் கேக்கணுமாய்யா? எடுத்துக்கிடும்.”

எடுத்து என் தோளில் வைத்தார். நான் வாசலைத் தாண்டுவதற்குள் அது அவரிடமே தாவிவிட்டது. கேட்டதும் கொடுத்தவர் அவர்தானே.

“தர மாட்டேன்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க. அப்பவாவது எறங்குதா பாப்போம்” என்றாள் என் மனைவி கோமதி.

சொல்லச் சொன்னேன். “தர மாட்டேன்யா” என்றார், முகம் வாடிப்போய். எங்களுக்காகப் பொய் சொன்னதால் அது இன்னும் வாகாகக் காலை மடக்கி உட்கார்ந்தது.

வேறு வழியில்லாமல் நானே நல்லவனாகப் பார்த்தேன். தெருநாய்க்கு பிஸ்கட் போட்டேன். போட்டுவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தேன். நாயும் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை சாத்தூர்க்காரர்கள் டீக்கடையில் நின்று தோள்களைப் பார்த்தார்கள். நேரே அண்ணாச்சி வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் வந்தவர்களை வெறுமனே திருப்பி அனுப்புகிற ஆளும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, பொன்மலரைச் செத்த அனுப்பி வையும்.”

“கூட்டிட்டுப் போங்க” என்றேன். அவர் தோளில் இருந்த சொல் ஒரு காலைத் தூக்கியது, யோசித்தது, மறுபடி உட்கார்ந்துகொண்டது.

எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் காபித் தட்டை நான்தான் கொண்டுபோனேன். பொன்மலர் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளையின் அப்பா காபியை வாங்கிக்கொண்டு, அண்ணாச்சியைப் பார்த்து, “எங்களுக்குப் பூரண சம்மதம். மூக்கு அப்படியே அப்பா மூக்கு” என்றார்.

நானும் பார்த்தேன். காலைவரை என் மூக்காக இருந்தது, இப்போது அண்ணாச்சியின் மூக்குதான். அவளுக்கு எடுப்பாகவே இருந்தது.