மால்டாவில் ஒரு பூசை

கடைக்குப் பால் வாங்கப் போவதென்றாலும் றோசலினைக் கூட்டிக்கொண்டு போகிற மனுசன் ஞானேந்திரன். அப்படிப்பட்டவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மூன்றாம் மாதம், “மால்டாவுக்குத் தனியப் போட்டு வாறன்” என்றால் எந்தப் பெண்சாதி சும்மா இருப்பாள்? முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் றோசலினுக்கு லீவு கிடைக்காத மாதமாகப் பார்த்து மனுசன் விமானம் ஏறிவிட்டார். பன்னிரண்டு நாளும், புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் ட்ருகனினாவில், வீட்டுக்குள் அவள் புகைந்துகொண்டிருந்தாள்.

வந்தவரைக் குசினி மேசையில் இருத்திப் படங்களைக் காட்டச் சொன்னாள். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் எவளாவது நிற்கிறாளா என்றுதான் பார்த்தாள். மஞ்சள் கல்லில் கட்டிய கோட்டை, முகப்பில் இரண்டு கண் வரைந்த மீன்பிடி வள்ளங்கள், சந்திக்குச் சந்தி மாதா கோயில்.

“எங்கட பற்றிஸ் மாதிரி ஒண்டு சாப்பிட்டனான், உள்ளுக்குச் சீஸ். சனம் முழுக்க வேதக்காரர். ஆனா ஆண்டவரை ‘அல்லா’ எண்டுதான் கூப்பிடுவினம்.”

வேதக்காரரும் முஸ்லிம்களும் அக்கம்பக்கமாய் வாழும் மன்னாரில் பிறந்தவளிடமே இந்தக் கதையா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா என்று மனதுக்குள் கறுவினாள். ஃபோனில் தட்டிப் பார்த்தால் அது உண்மையாக இருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சல்தான்.

“மன்னார் தீவைப்போல ரெண்டு மடங்கு நாடு. அதுக்குப் பன்னெண்டு நாளோ? சரி, வியாழக்கிழமைப் படம் ஒண்டையும் காணேல்லையே?”

“அண்டைக்கு மழை.”

ஜூலை மாதத்தில் அங்கே மழை அருமை என்றது அதே ஃபோன். நெருப்பில்லாமல் புகையுமா?

அடுத்த நாள் உடுப்புத் தோய்க்கப் போகையில் அவருடைய சேட்டுப் பொக்கற்றில் ஒரு துண்டு அகப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கோயில் முத்திரை, அந்த வியாழக்கிழமைத் தேதி. றோசலின் ஒரு பெண்ணின் பெயரைத்தான் தேடினாள். இருந்ததோ புருசனின் பெயர். இறந்த எஸ். ஞானேந்திரனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பூசை.

இவர் செத்துவிட்டார் என்று நம்பிப் பூசை வைக்க அங்கே ஒருத்தி இருக்கிறாளா? அப்படியென்றால் இங்கே நான் யார்?

“ஆரப்பா அவள்?” துண்டை அவர் முன்னால் மேசையில் அறைந்தாள்.

ஞானேந்திரன் துண்டை எடுத்து அதன் மடிப்பை விரலால் நீவிவிட்டார்.

“நான்தான் வைச்சனான். இஞ்ச வாறதுக்கு முதல் எகிப்தில நிண்டு கப்பலுக்குக் காத்திருந்தனான் எல்லே? போற நேரம் எனக்கு நெருப்புக்காய்ச்சல். ஏஜென்சிக்காரன் என்ர இடத்தில வேற ஒரு பெடியனை ஏத்திவிட்டவன், என்ர பேரிலயே. மால்டாப் பக்கம் கப்பல் கடலுக்குள்ள தாண்டுபோச்சு. நான் செத்தனெண்டு எங்கட வீட்டுக்குச் செய்தி போனது. நான் கடிதம் போட்டன், அம்மா அழுகையை நிப்பாட்டினா. அவன்ர வீட்டுக்கு ஆர் சொன்னது?”

“அவன்ர பேர்?”

“தெரியாது. ஒரு கிழமை எனக்குப் பக்கத்தில படுத்தவன், ‘தம்பி’ எண்டுதான் கூப்பிட்டனான். அங்க சுவாமியார் பேர் கேட்டார். என்ர பேரைத் தவிர குடுக்க என்னட்ட வேற பேர் இல்லை.”

இல்லாத ஒருத்தியை இத்தனை நாளும் தேடியதை நினைக்க றோசலினுக்கு வெட்கமாக இருந்தது. இதை இவ்வளவு காலமும் இந்த மனுசன் தனியே சுமந்ததை நினைக்க அழுகை வந்தது.

அந்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு மன்றாட்டு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். ஊருக்குப் புதிதாக வந்த சுவாமியார் “இறந்த ஞானேந்திரனுக்காக” என்று வாசித்ததும், முன்வாங்கில் உயிரோடிருந்த ஞானேந்திரனைக் கோயிலே எட்டிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். றோசலின் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றாள்.