சுந்தரராமனின் சொந்த மழை

சுந்தரராமன் வீட்டில் பாத்தி வைக்கப் போகிறார் என்ற செய்தி, பாத்தி வந்து சேர்வதற்கு மூன்று மாதம் முன்பே மணக்காட்டில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. கூரைத் தகரத்தின் விளிம்பில் நீளமாக ஒரு பிவிசி பாத்தியைத் தொங்கவிட்டு, விழுகிற மழையை வாங்கிக் குழாய் வழியாகக் கீழே இறக்குகிற வேலை. தெருவில் ஏழெட்டு வீடுகளில் வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அதற்காகக் கோப்பு திறக்கவில்லை.

சுந்தரராமன் திறந்தார். அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவருக்குக் கோப்பு இல்லாமல் தும்மல்கூட வராது என்பது அவர் மனைவி சாவித்ரியின் அபிப்பிராயம். பச்சை அட்டைக்குள் வீட்டின் நான்கு பக்கப் படங்கள், பத்து வருட மழைக் கணக்கு, பாத்தியின் அகலம் ஐந்து அங்குலமா ஆறா என்பது பற்றி அவரே எழுதி அவரே ஆட்சேபித்து அவரே ஒப்புதல் கொடுத்த குறிப்புகள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அதை அவளிடம் வாசித்துக் காட்டுவார். அவள் கறிகாய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். கேட்பதாக அவர் நினைத்துக்கொள்வார்.

திட்டத்தின் சாரம் ஒன்றே ஒன்று. கூரையின் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது. எல்லாம் தெருச் சாக்கடைக்குப் போக வேண்டும்.

"அந்த விழிஞ்ஞத்துக்காரி வெண்டையும் பாவக்காயும் போட்டிருக்கா, பார்த்தியோ? எல்லாம் நம்ம மழைல காய்க்கறது," என்றார் ஒருநாள், அந்தச் சுவருக்கு அப்பால் இருந்த பக்கத்து வீட்டைக் காட்டி.

"நம்ம மழையா?"

"நம்ம கூரைல விழுந்தா நம்ம மழைதான்."

முப்பத்தாறு வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் செய்தவள் சாவித்ரி. மழைக்கும் பட்டா வாங்கக்கூடிய ஆள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவை அவள் நறுக்குவதை நிறுத்தினாள். காரணம், அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் அவளுக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக் கிணறு ஏழு வருஷமாகக் கோடையில் வற்றிக்கொண்டிருந்தது.

வற்ற வைத்தவரும் அவர்தான். ஏழு வருஷத்துக்கு முன், மொட்டை மாடி ஒழுகுகிறது என்று, மேலே தகரக் கூரை போட்டார். அதற்கும் ஒரு கோப்பு உண்டு. அத்தனை காகிதத்திலும் தகரம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று யோசிக்க இடம் கிடைக்கவில்லை. அது கிழக்கே சாய்ந்தது. அதுவரை அவர்கள் முற்றத்தில் இறங்கிய மழை முழுக்கச் சுவர் தாண்டி அவர் விழிஞ்ஞத்துக்காரி என்கிற ஜெஸ்லின் வீட்டில் விழுந்தது. அடுத்த மாசியிலேயே இவர்கள் கிணற்றில் பாறை தெரிந்தது. அதுவரை கோடைதோறும் வற்றிக்கொண்டிருந்த ஜெஸ்லினின் கிணறு அதற்கப்புறம் வற்றவே இல்லை.

சாவித்ரி அப்போதே சொல்லத் தொடங்கினாள். "கிணத்துல ஜலம்" என்பதற்குள், "நம்மாத்துக் கிணறா, அது தாத்தா காலத்துக் கிணறு, வத்தாது" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். போதாக்குறைக்கு, கிணறு இருக்கையில் எதற்கு என்று அரசாங்கத் தண்ணீர்க் குழாய் இணைப்பையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பேசி முடித்து அவர் தூங்கப் போனதும் அவள் சுவரோரம் நின்று ஜெஸ்லினைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து கோடையில் தினமும் இரண்டு மணிக்கு, அவர் குறட்டை விடுகிற நேரமாகப் பார்த்து, ஜெஸ்லின் வீட்டு மோட்டார் ஓடும். கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னால் மறைந்து ஏறும் பச்சை ஹோஸ் இவர்கள் மாடித் தொட்டியை நிரப்பும். அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போய், 'வற்றாத கிணறு: ஓர் அனுபவம்' என்று இவர் முக்கால் மணி நேரம் பேசினார். கைதட்டினவர்களைப் பார்த்துச் சாவித்ரிக்கு வந்த சிரிப்பு, வீடு வருவதற்குள் அருவருப்பாக மாறியிருந்தது.

இப்போது மழையைச் சாக்கடைக்கு விட்டால் ஜெஸ்லினின் கிணறும் வற்றும். அடுத்த கோடையில் இரண்டு வீட்டிலும் தண்ணீர் இருக்காது. பச்சைக் கோப்பு மட்டும் இருக்கும்.

மே மாசக் கடைசியில் பாத்தி பொருத்துகிறவர் வந்தார். தண்ணீரை வெள்ளம் என்கிற களியிக்காவிளைப் பக்கம், பெயர் விஜய்குமார். ஏணியைச் சாய்த்துக் கூரையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சார், தெருவுக்கு எதுக்கு விடணும்? கெணறு அந்தா இருக்குல்லா. ஒரு வலை வச்சு வடிகட்டி அதுலயே விட்டா வெள்ளம் நிக்குமே."

"வத்தாத கிணத்துல கூரை அழுக்கை எதுக்குய்யா விடணும்?" என்ற சுந்தரராமன் கோப்பைப் பிரித்தார். "படத்துல இருக்கறதைப் பண்ணு."

விஜய்குமார் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நேராகப் பிடித்தாலும் அதே அளவுதான் புரிந்திருக்கும்.

"சரி சார். சாய்வு பிடிக்கதுக்கு மொதல்ல மட்டம் குறிக்கணும். டியூபுல நெறைக்க கொஞ்சம் வெள்ளம் தாங்க."

கையில் இருந்த, மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் குழாயை நீட்டினார். சாவித்ரி அடுக்களைக் குழாயிலிருந்து பிடித்துவரத் திரும்பினாள். சுந்தரராமன் தடுத்தார். பெருமை பேச ஆள் கிடைத்துவிட்டது அவருக்கு.

"பைப்புல எதுக்கு? கிணத்துலேர்ந்தே எடுக்கட்டும். மே மாசத்துல ஜலம் எங்க நிக்கறதுன்னு அவனும் பாக்கட்டும்."

இலை விழாமலிருக்கப் போட்டிருந்த வலையை அவரே விலக்கினார். எத்தனை வருஷமாக அதைத் தொடவில்லை என்று அவருக்கே நினைவில்லை. விஜய்குமார் வாளியை இறக்கினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. பிறகு அடியிலிருந்து 'டங்' என்றது.

"சார், பாறையாக்கும்."

"இன்னும் இறக்கு. ஆழம்."

"கயிறு தொய்ஞ்சு கெடக்கு சார்."

சுந்தரராமன் எட்டிப் பார்த்தார். சாவித்ரி அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை. அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜெஸ்லினின் குரல் வந்தது.

"மாமீ, உச்சைக்கு ரெண்டு மணிக்கு கரண்டு போகுமாம். மோட்டோர் இப்பமே போடட்டே? ஹோஸ் அங்ஙன தானே கெடக்கு?"

சுந்தரராமனின் கண் கறிவேப்பிலைச் செடிக்குப் போய், பச்சை ஹோஸைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மாடித் தொட்டி வரை ஏறியது.

"எத்தனை வருஷமா?" என்றார்.

"தகரம் போட்டதுலேர்ந்து," என்றாள் சாவித்ரி. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "இன்னிக்கு வேண்டாம் ஜெஸ்லின். வேணும்னா சாரே வந்து கேப்பார்."

அவர் உள்ளே போனார். வெட்கப்பட்டுத்தான் போகிறார் என்று ஒரு நிமிஷம் அவளும் ஏமாந்துபோனாள். கால் மணியில் கோப்போடு திரும்பி வந்து புதுக் குறிப்பை வாசித்தார். அண்டை வீட்டுக் கிணற்றின் நலன் கருதி, நமது மழைநீரில் ஒரு பகுதியை அவ்வீட்டுக்கு இலவசமாக வழங்கத் தீர்மானிக்கப்படுகிறது.

"சங்கத்து வாட்ஸாப் குரூப்பிலயும் போட்டுட்டேன். ரெண்டு பேர் கைகூப்பியிருக்கா."

கிணற்றில் விழுந்த வாளிக்காவது 'டங்' என்று உறைத்தது. இவருக்கு எதிலும் உறைக்காது. சாவித்ரி விஜய்குமாரைப் பார்த்து, "நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் சாய்வு குடுங்கோ. ஒரு குழாய் எங்க கிணத்துக்கு, ஒண்ணு அவா கிணத்துக்கு," என்றாள்.

"அதாக்கும் சரி," என்று அவர் கிளாம்ப் பெட்டியைப் பிரித்தார்.

சுந்தரராமன் தன் தீர்மானம் அமலுக்கு வந்துவிட்ட திருப்தியோடு குளிக்கப் போனார். ஐந்து நிமிஷத்தில் குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"சாவித்ரி, ஜலம் நின்னுடுத்து. சோப்பு போட்டிண்டிருக்கேன். அவகிட்ட மோட்டாரைப் போடச் சொல்லு."

"எவகிட்ட?"

"அதான், அந்த விழிஞ்ஞத்துக்காரி."

"அப்படி ஒருத்தி இங்க இல்லை," என்று சொல்லிவிட்டு சாவித்ரி முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிஷம் கழிந்தது, பத்து நிமிஷம் கழிந்தது. கதவு திறந்தது. இடுப்பில் துண்டும் காது வரை சோப்புமாக அவர் சுவரை நோக்கி நடந்து வந்தார். ஏணியில் நின்ற விஜய்குமார் காலிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, நாகரிகமாக, வானத்தைப் பார்த்தார். சுந்தரராமன் தொண்டையைச் செருமினார். "இந்தா" என்றார். பதில் இல்லை. "இங்க பாரும்மா" என்றார். அந்தப் பக்கத்தில் வெண்டைக்காய் ஒடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் அரிசியிலிருந்து தலை தூக்கவில்லை.

சோப்பு கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெஸ்லின்," என்றார். "கொஞ்சம் ஜலம் வேணும்."