செவக்காட்டின் நடுவே ஒரு கருப்பு

லிடியா திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்கூட்டரில் தாடிக்கொம்புப் பக்கம் போய்விடுவாள். அங்கே விவசாயம் பார்க்கும் ராமுத்தாயின் செவக்காட்டு வரப்பில் படம் வரையும் ஸ்டாண்டை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு வரைவாள். மண் காலில் படாமல் அவளுக்குக் கை ஓடாது.

அந்த ஆவணியில் வரைந்த படம்தான் அவளைப் படுத்தியது. வானம், தூரத்து மலை, உழவுக்குக் காத்திருக்கும் சிவந்த மண் எல்லாம் நன்றாக வந்தன. நடுவில் மட்டும் கருப்பாக ஒரு திட்டு விழுந்தது. அவள் நினைத்துப் போட்டதில்லை. மேலே சிவப்பை அப்பினாள். காய்ந்ததும் கருப்பு மறுபடி மேலே வந்தது. வேறு கேன்வாஸில் வரைந்து பார்த்தாள். பிரஷ் அதே இடத்துக்குத்தான் போனது.

மல்லிகை பறித்துவிட்டு வந்த ராமுத்தாய் படத்தைப் பார்த்தாள். “அங்கன ஒண்ணுமில்லையே டீச்சர், வெறும் மண்ணுதான?” என்றாள்.

லிடியா அந்த இடத்துக்கு நடந்தாள். உச்சி வெயிலில் சுற்றிலும் மண் சுட்டது. அங்கே மட்டும் பாதம் சில்லிட்டது. அடியில் ஏதோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. பயந்தாள், ஆனாலும் காலை எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் உழவு. டிராக்டர் ஓட்டப்போவது ராமுத்தாயின் புருஷன் ராமர். அந்த இடத்தை விட்டுவிடும்படி லிடியா அவரிடம் கேட்டாள். ஏன் என்றதற்குப் படத்தைக் காட்டினாள். ராமர் சிரித்தார். படத்தைச் செத்த நேரம் பார்த்தபின் சிரிப்பு நின்றது.

“சரி டீச்சர், ஒதுக்கிட்டே ஓட்டுறேன்.”

அந்த வாரமே பெய்த மழையில் அந்த இடம் உள்வாங்கியது. கீழே ஒரு கிணறு. பலகைக்கல் போட்டு மூடி, மேலே மண் பரப்பியிருந்தார்கள். யார் மூடியது, எதற்கு மூடியது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ராமர் எட்டிப் பார்த்தார். அன்று அதன்மேல் உழுதிருந்தால் டிராக்டரோடு உள்ளே போயிருப்பார்.

புருஷன் உயிரைக் காத்த படம் என்று ராமுத்தாய் அதைக் கேட்டு வாங்கிப்போய் வீட்டில் மாட்டினாள். கொஞ்ச நாளில் பழைய சேலையில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“யாரோ தண்ணி இறைக்கிற சத்தம் கேக்குது டீச்சர். அவருக்கும் கேக்குது.”

லிடியா குடியிருந்தது மூன்றாவது மாடியில். படத்தை ஹாலில் மாட்டி, எதிரே உட்கார்ந்து காது கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தன்னை மட்டும் ஒதுக்கிவிட்டதுபோல் வலித்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அவள் கணவன் ராபின் வாசலிலேயே நின்றான். உள்ளே யார் தண்ணீர் இறைப்பது என்று கேட்டான்.

லிடியா அவனைப் பொறாமையோடு பார்த்தாள்.