அறுபதாம் கல்யாணத்துக்குக் கொடுத்த கதை

விருது விதிகளில் ஒரே ஒரு வரிதான் எனக்கு எமனாக வந்து நின்றது: இதற்கு முன் எந்த வடிவிலும் அச்சாகியிருக்கக் கூடாது. அறிவியல் புனைகதைக்கென்று தமிழில் யாராவது விருது கொடுப்பதே அபூர்வம். அதில் என் நாவல் ‘நிலாத் தண்ணீர்’ இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. விருது கிடைத்தால்தான் அடுத்த நாவலைப் போடுவேன் என்று சென்னைப் பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இதற்கெல்லாம் முன்பே அப்பச்சி, அதாவது என் அப்பா, ஒரு வேலை செய்து வைத்திருந்தார். எங்கள் காரைக்குடிப் பக்கம் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை, தேங்காயோடு புத்தகமும் கொடுப்பதுண்டு. மற்றவர்கள் தேவாரம் போடுவார்கள். என் அப்பச்சி நான் எழுதிவைத்திருந்த இந்தக் கதையைச் சொல்லாமல் கொள்ளாமல் அச்சடித்துவிட்டார். நிலாவில் தண்ணீர் விற்கும் குடும்பத்தைப் பங்காளிகள் அத்தனை பேரும் தேங்காய்ப் பையில் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அன்றைக்கே அப்பச்சியோடு சண்டை போட்டேன். பதிப்பாளரிடம் மூச்சு விடவில்லை. பையில் போட்டுக் கொடுத்ததெல்லாம் ஒரு வெளியீடா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்று விருதுக் குழுவிலிருந்து தேவிகா பேட்டி எடுக்கக் காரைக்குடி வீட்டுக்கே வருகிறார். காலையிலேயே அப்பச்சியையும் ஆத்தாவையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

“அந்தப் புத்தகப் பேச்சை எடுத்தீகன்னா என் பொழப்பு போச்சு. தெரியுதா?”

“சரித்தா,” என்றார் அப்பச்சி. மிச்சமிருந்த பிரதிகளை அவரே அலமாரியிலிருந்து எடுத்து உள்ளறையில் வைத்துப் பூட்டினார்.

சாப்பாட்டின்போது ஆத்தா இனிப்புக் கவுனி அரிசியைப் பரிமாறிக்கொண்டே, “இது விசேசத்துக்குச் செய்யறதும்மா. இவுக அறுபதாங் கல்யாணத்துல கூட…” என்று ஆரம்பித்தாள்.

“ஆத்தா, அப்பளம் எங்க?” என்று ஒரு அதட்டல் போட்டேன். அவள் திடுக்கிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தேவிகா அப்பச்சி பக்கம் திரும்பினார். “பொண்ணோட நாவலைப் படிச்சீங்களா சார்? எந்த இடம் பிடிச்சுது?”

அப்பச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்தக் கதைக்குப் பிழை திருத்தியவர் அவர். கார் ஓட்டும்போதெல்லாம் அதன் வசனங்களைச் சொல்லி என் உயிரை வாங்குகிறவர்.

“இல்லம்மா. நமக்கு இந்தக் கதையெல்லாம் ஓடாது. நான் படிக்கல.”

என்னைப் பார்க்கவே இல்லை அவர். தேவிகா சிரித்தார். “எழுதறவங்க வீட்ல எல்லாம் இதே கதைதான் சார்.” சொல்லிவிட்டு அப்பச்சியைப் பாவம் என்பதுபோல் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைப் பார்த்துப் பாவம்?

“பொய் சொல்றாக,” என்றேன். “மொத ஆளாப் படிச்சதே இவுகதான். மொதல்ல அச்சுப் போட்டதும் இவுகதான். அறுபதாங் கல்யாணத்துக்கு வந்தவுக எல்லாருக்கும் கொடுத்தாக.”

தேவிகாவின் கை இலையிலேயே நின்றது. “ஜனனி, இதை நான் குழுவுல சொல்லியாகணும். அப்புறம் உங்க நாவல் பட்டியல்ல இருக்காது.”

“தெரியும்,” என்றேன்.

“ஏந்தா இப்படிப் பண்ணுனே?” அப்பச்சியின் குரல் தழுதழுத்தது. “நாந்தான் வாயத் தெறக்கலையே.”

“நீங்க படிக்கலன்னு சொன்னதை என்னால கேக்க முடியல, அப்பச்சி.”

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். உள்ளறைப் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

தேவிகா கிளம்பும்போது அப்பச்சி தட்டோடு வந்தார். வெற்றிலை, தேங்காய், பக்கத்தில் அந்தப் புத்தகம்.

“வீட்டுக்கு வந்தவுகள வெறுங்கையா அனுப்பக் கூடாதும்மா,” என்று நீட்டினார். “கேட்டீகள்ல? கதையில தண்ணி விக்கிற அந்தக் கிழவி கடைசிக் குடத்தை மட்டும் விக்க மாட்டேன்னு சொல்லுவா பாருங்க. அந்த எடந்தான் எனக்குப் பிடிச்சது.”