எருமைக்கு மாற்று

எருமை செத்தது ஒரு ஹோட்டல் கூடத்தில், நடு நிகழ்ச்சியில். எருமை என்றால் நிஜ எருமை இல்லை, ஆம்ப்ளிஃபயர். கைப்பிடி எப்போதோ பிய்ந்துபோய், பழைய கார் சீட் பெல்ட்டை அறுத்துத் தைத்த வாரில் தொங்கிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றிய கறுப்புப் பெட்டி. கர்ரென்று ஒரு செருமல், அவ்வளவுதான், ஆள் காலி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடித்துப் பிடித்து ஓடிவந்தவன் வண்டி ஒருத்தன்தான்.

வண்டி என்பது வாத்தியக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர். ஒருகாலத்தில் அச்சகத்தில் மெஷின் ஓட்டினான். அச்சகத்தை இழுத்து மூடினார்கள். வேறு வேலை தேடுகிறேன் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே பெண்டாட்டியின் சாமான்களைத் தூக்க ஆரம்பித்தவன், அப்படியே தங்கிவிட்டான். அவள் தெரமின் வாசிப்பவள்.

தெரமின் பார்த்ததில்லையா? பரவாயில்லை, பாதி உலகம் பார்த்ததில்லை. ஒரு மரப்பெட்டி, மேலே நிமிர்ந்த ஒரு கம்பி, பக்கத்தில் ஒரு வளையம். தொடவே கூடாது. காற்றில்தான் கையை ஆட்டணும். கை கம்பியை நெருங்க நெருங்க ஸ்வரம் ஏறும், விலக விலக இறங்கும். அது வாசிக்கிறவள் கையா, வழியில் போகிறவன் தொப்பையா என்றெல்லாம் பெட்டிக்குத் தெரியாது. எந்த உடம்பு கிட்டே வந்தாலும் சுருதி கெட்டுப்போகும். அதனால் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி, எருமையை இறக்கி, ஒயர் மாட்டி, ஸ்டாண்டை நிமிர்த்தி முடித்ததும், கட்டின பெண்டாட்டி வாயிலிருந்து அவன் கேட்கும் முதல் வார்த்தை ஒன்றுதான்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

மற்ற வாத்தியக்காரர்களின் ஆட்கள் மேடை ஓரமாகவே கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். இவனுக்குக் கழிப்பறைக் கதவுப் பக்கம்தான் எப்போதும் இடம். அங்கே நின்று ஒவ்வொரு நிகழ்ச்சியும் கேட்டான். யாராவது விசாரித்தால், “நாங்க தெரமின் வாசிக்கிறோம்” என்பான். நாங்களாம்! சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அந்த ‘நாங்க’வைத் தவிர அவனிடம் வேறு என்ன இருந்தது?

எருமை செத்த வாரத்தில் ஒரு நாடகக் குழுவிலிருந்து அவளுக்கு போன் வந்தது. ஊர் ஊராகப் போகிற குழு. வேனில் ஒரே ஒரு இடம். கூட ஆள் வைக்க முடியாது, அவரவர் சாமானை அவரவர்தான் தூக்கணும். அவள் எதையும் மறைக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் வைத்தே சொன்னாள்.

“ஸ்பூன் சத்தத்துக்கு நடுவுல வாசிச்சே என் காலம் போயிடுச்சுங்க. ஒரு தடவையாவது சும்மா உக்காந்து கேக்கறவங்களுக்கு வாசிக்கணும். நானே தூக்கற மாதிரி ஒரு சின்ன ஆம்ப் கெடைச்சா போயிடுவேன். நல்லா இல்லாத ஒண்ண வெச்சுக்கிட்டுப் போய் அசிங்கப்பட மாட்டேன். கெடைக்கலைன்னா விட்டுடறேன்.”

“கெடைக்கும், கெடைக்கும்” என்றான் வண்டி. பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தான்.

கடை குறுகலானது. இரண்டு பக்கமும் பெட்டிகள் அடுக்கி, நடுவில் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்கிற அளவு சந்து. கடைக்காரர் முதலில் ஒரு பேட்டரி ஆம்ப்பை எடுத்துவைத்தார். சாப்பாட்டுக் கூடை அளவுதான் இருக்கும். அவள் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, சிறுபிள்ளை மாதிரி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது. அது அவனைத் தைத்தது. தெரமினை விரித்துவைத்து, ஒயரை மாட்டி, கண்ணை மூடி வாசிக்க ஆரம்பித்தாள்.

நல்லாத்தான் இருந்தது. கீழ் ஸ்வரத்தில் கொஞ்சம் மெலிவு, அதற்காக ஒதுக்கிவிட முடியாது. மேலே போகப் போகத் தேன்தான். வண்டிக்குக் காது உண்டு. கேட்டுக்கொண்டே நின்றவன், என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான், கம்பிப் பக்கம் அரை அடி சாய்ந்தான்.

ஸ்வரம் பிசகியது. அவள் புருவம் சுருங்கியது. கையைச் சரிசெய்தாள். இவன் உடம்பைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி மெல்லச் சாய்ந்தான். ஒரே அபஸ்வரம்.

“பேட்டரில ஓடறதுல சிலது இப்படித்தாங்க” என்றார் கடைக்காரர், பாவம்.

இரண்டாவது சின்ன ஆம்ப்புக்கும் அதே கதிதான். மூன்றாவதாக ஒன்றைக் கடைக்காரர் இரண்டு கையாலும் அணைத்து, முக்கி முனகிக்கொண்டு வந்து இறக்கினார். எருமைக்கு அண்ணன்! அதை மாட்டியதும் வண்டி ஒரேயடியாக வாசல்வரை நகர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடையே அதிர ஸ்வரம் நேராக நின்றது.

அவள் கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இதையே போடுங்க” என்றாள்.

அப்பாடா! வண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஆடலாம் போலிருந்தது. அவள் பில் போட உள்ளே போய்க் கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசியதைக்கூட அவன் கண்டுகொள்ளவில்லை. கையோடு கொண்டுவந்த எருமையின் வாரைப் புதுப்பெட்டியில் மாட்டி, தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மூன்றாவது மாடி ஏறும்போது தோள் கழன்றுவிடும் போல வலித்தது. அந்த வலி அன்றைக்கு இனித்தது. அவள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் எல்லாவற்றையும் மாட்டினாள்.

“கதவுகிட்ட நில்லுங்க.”

நின்றான். வாசித்தாள். கண் மூடியபடியே, “இப்ப வாங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்” என்றாள். அவன் வர வர ஸ்வரம் ஏறிக் கோணியது.

“நில்லுங்க. கடைல நின்ன எடம் இதானே?”

அவன் ஒரு அடி பின்வாங்கினான், ஸ்வரமும் கூடவே இறங்கியது.

“ஆம்ப் சின்னதா இருந்தா சத்தம் சின்னதாகும், சுருதி மாறுமாங்க? இத்தனை வருஷம் கூடவே சுத்தினீங்களே, இதுகூடவா தெரியாது? நீங்க எங்க நிக்கறீங்க, எப்ப கை கட்டறீங்க, எப்ப கால் மாத்தறீங்க, அத்தனையும் எனக்குக் காதுல கேக்கும்.”

“தெரிஞ்சும் ஏன் இத வாங்கின?” குரல் அவனுக்கே கேட்கவில்லை.

“கடைக்காரர் முன்னாடி உங்க மானத்த வாங்கறதா, இத வாங்கறதான்னு பாத்தேன். இத வாங்கிட்டேன்.”

வண்டிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வெட்கப்படவேண்டிய இடத்தில் ஆம்பிளைக்கு அதுதானே கைகொடுக்கும்! “என்னைக் கழட்டிவிடப் பாக்கறே. தூக்கறதுக்கு நான் வேணும், அப்பறம் தள்ளி நில்லு, தள்ளி நில்லு! நாய்கூட இதவிடக் கிட்ட நிக்கும்!”

அவள் ஆம்ப் ஸ்விட்சை அணைத்தாள்.

“வேன்ல எடம் இல்லைன்னா என்ன, ரெண்டு ஊருக்கு ஒரு தடவை பஸ்ஸ புடிச்சு வந்துடுங்கன்னு சொல்லத்தான் இருந்தேன். முன் வரிசைல ஒரு சீட்டு கேட்டு வாங்கியும் வெச்சுட்டேன். ஒரு தடவையாவது சும்மா உக்காந்து கேளுங்கன்னு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “இப்ப வேணாம். நீங்க வர வேணாம்.”

அவன் குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

“காலைல மாத்திக்கறேன்னு கடைல சொல்லிட்டுத்தான் வந்தேன். இத என்னால கீழ எறக்க முடியாது” என்றாள். “கடைசியா ஒரு தடவை தூக்கிட்டு வாங்க.”

தூக்கினான். என்ன செய்வான்? விடிந்ததும் அதே படிகள், இப்போது இறக்கம். இறக்கத்தில் கனம் குறையும் என்று எவன் சொன்னான்? தெரு முழுக்க அவள் முன்னால், அவன் பின்னால்.

கடைக்காரர் சின்ன ஆம்ப்பை எடுத்து மாட்டினார். அவள் தெரமின் முன்னால் நின்று கையை உயர்த்தினாள். தள்ளி நிற்கச் சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் சொல்லவில்லை. அவனாகவே வெளியே போய், தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கக் கம்பத்தடியில் நின்றான்.

திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டது. ஒரு பிசிறு இல்லை. ஆட்டோ, பஸ் சத்தம், ஜனங்களின் பேச்சு எல்லாவற்றையும் தாண்டி, இழுத்துக் கட்டிய நூல் மாதிரி வந்தது. இவ்வளவு நன்றாக அவள் வாசித்து அவன் கேட்டதே இல்லை. அழுதுவிட்டான்.

அவள் வெளியே வந்தாள். தெரமின் பை தோளில், ஸ்டாண்ட் கக்கத்தில், ஆம்ப் கையில். பின்னாலேயே கடைக்காரர் ஓடிவந்து, “சார், இது உங்களுது” என்று சீட் பெல்ட் வாரை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் ஆம்ப்புக்குக் கை நீட்டினான்.

“வேணாங்க” என்றாள், கடைக்காரரிடம் பேசுகிற அதே மரியாதையோடு. “கனமே இல்ல.”

அவள் நடந்தாள். அவன் வாரைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் திணிக்கப் பார்த்தான். நுழையவில்லை.